பிளெக்ஸ் காசும் ஹால் வாடகையும் உங்க அக்கவுண்ட்லயா வருது? லோக்கல் ஈவென்ட் விளம்பரம் பண்றவங்களுக்கு ஒரு கணக்கு

குரோம்பேட்டைக்காரங்ககிட்ட ஜிஎஸ்டின்னு சொன்னா முதல்ல ரோடுதான் ஞாபகம் வரும். பல்லாவரம் தாண்டி தாம்பரம் போற அந்த கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. இன்னிக்கு நாம பேசப்போறது இன்னொரு ஜிஎஸ்டி. கூடவே வருமான வரியும்.

டிசம்பர் 2025-ல ராதா நகர்ல இருந்து ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்தார். வீட்டுக் கடன் கேட்டு பேங்க் போயிருக்கார். "மூணு வருஷ ஐடிஆர் கொண்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. இவர் ஒரு வருஷம்கூட தாக்கல் பண்ணல. (அவர்கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன். எண்களைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன்.)

அவர் வேலை என்னன்னு கேட்டா, ஒரு வார்த்தையில சொல்ல அவருக்கே தெரியல. கோயில் கும்பாபிஷேகம், ஃபிளாட் அசோசியேஷன் பொங்கல் விழா, புதுசா திறக்கற கிளினிக்கோட இலவச கண் பரிசோதனை முகாம், கடை திறப்பு விழா. எதுவா இருந்தாலும் நோட்டீஸ் எழுதி அடிக்கறது, காலைல பேப்பருக்குள்ள வெச்சுப் போட ஏஜென்ட்டைப் பிடிக்கறது, ஆட்டோல மைக் கட்டி அனுப்பறது, ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல போடறது, ரீல் எடுக்கறது, ரிப்போர்ட்டர்களுக்கு போன் பண்றது எல்லாம் இவர்தான். ஊர்ல இவருக்குப் பேரு 'விளம்பரம் பண்ற தம்பி'. இங்கிலீஷ்ல சொன்னா இண்டிபெண்டெண்ட் பப்ளிசிஸ்ட்.

நம்ம சென்னையில இது புது விஷயம் இல்ல. 1994-ல வின்சென்ட் டிசோசா 'மயிலாப்பூர் டைம்ஸ்' ஆரம்பிச்சப்போ, ஒரு பேட்டைக்குள்ள நடக்கற செய்திக்கே ஒரு பத்திரிகை ஓட முடியும்னு காட்டினார். 2004-ல அவரும் எஸ். முத்தையாவும் சசி நாயரும் சேர்ந்து தொடங்கின மெட்ராஸ் டே இன்னிக்கு வாரக்கணக்கில நடக்குது. யார் வேணாலும் அவங்கவங்க ஏரியாவுல ஒரு நடையோ கண்காட்சியோ வைக்கலாம். அது ஆர்வத்துக்காகப் பண்றவங்க கூட்டம். நம்ம தம்பிக்கு இதுதான் சோறு. சோறுன்னா கணக்கு வேணும்.

அவரோட 2024-25 பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கூட்டினேன். உள்ள வந்தது மொத்தம் 23,40,000 ரூபாய். மனுஷன் முகம் வெளுத்துப் போச்சு. "சார், இவ்வளவு நான் சம்பாதிக்கவே இல்ல!" நிஜம்தான். அதுல 16,80,000 ரூபாய் பிரிண்டர், ஹால், ஷாமியானா, மைக் செட்காரங்களுக்கு அப்படியே போயிருக்கு. இவர் கையில நின்னது 6,60,000. பெட்ரோல், போன், உதவிக்கு வர்ற பையனுக்குக் கொடுத்ததுன்னு 1,90,000 போனா, லாபம் 4,70,000.

இப்போ ஜிஎஸ்டி எப்படிப் பார்க்கும்? தமிழ்நாட்டுல சேவை தர்றவங்களுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா பதிவு கட்டாயம். லாபம் இல்ல, வரவு. ஹால் வாடகை, பிளெக்ஸ் செலவு எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து 'விழா ஏற்பாடு'ன்னு ஒரே பில் போட்டிருந்தா மொத்தமும் இவர் வரவுதான். தாண்டினதுக்கு அப்புறம் அடுத்த வருஷமும் இதே அளவு ஓடுச்சுன்னா, 23,40,000-க்கு 18% போட்டா 4,21,200. அவரோட முழு லாபத்துக்குப் பக்கத்துல வருது! அசோசியேஷன் செகரட்டரிகிட்ட "சார், இனிமே 18% கூட"ன்னு சொல்லிப் பாருங்க, அடுத்த பொங்கலுக்கு வேற ஆளைக் கூப்பிடுவார். நம்ம ஏரியா பிரிண்டர் பதிவே பண்ணாதவரா இருந்தா உள்ளீட்டு வரி கிரெடிட்டும் கிடைக்காது.

யுபிஐ வரவை யார் பார்க்கப் போறான்னு நினைக்காதீங்க. 2025 ஜூலைல கர்நாடகாவுல யுபிஐ தகவலை வெச்சு சின்னச் சின்ன கடைக்காரங்களுக்கு வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பினது எல்லாரும் பார்த்ததுதான்.

இதுக்கு சட்டத்துலயே ஒரு வழி இருக்கு. சிஜிஎஸ்டி விதி 33, 'ப்யூர் ஏஜென்ட்'. வாடிக்கையாளர் சார்பா நீங்க வெளியாளுக்குக் கட்டற பணம் உங்க சேவை மதிப்புல சேராது. ஆனா சும்மா சொன்னா போதாது. உங்க பேர்ல இல்லாம அவங்களுக்காகத்தான் கட்டறீங்கன்னு முன்னாடியே ஒப்பந்தம் இருக்கணும். வாட்ஸ்அப்ல "ஹால் வாடகை எங்க சார்பா கட்டிடுங்க"ன்னு எழுதி வாங்கினாகூட ஒண்ணும் இல்லாததுக்கு அது மேல். உங்க பில்லுல அந்தத் தொகையைத் தனியாக் காட்டணும். கொடுத்த பணத்துக்கு மேல ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. 14,000-க்கு அடிச்ச நோட்டீஸுக்கு 16,000 வாங்கினீங்கன்னா கதை முடிஞ்சுது.

தம்பியோட பழைய பில்லை எல்லாம் தரையில பரப்பி உட்கார்ந்து பிரிச்சோம். சுமார் 11 லட்சத்துக்கு பில் அசோசியேஷன் பேர்லயோ கோயில் கமிட்டி பேர்லயோ இருந்துது, மெசேஜும் இருந்துது. அதைக் கழிச்சா 12,40,000, எல்லைக்குள்ள. தப்பிச்சார்னு சொல்ல மாட்டேன், கேள்வி வந்தா நின்னு பதில் சொல்ல ஒரு ஃபைல் இருக்கு.

இதைவிட சுலபம், பிரிண்டருக்கும் ஹாலுக்கும் வாடிக்கையாளரே நேரா கட்டட்டும். உங்க அக்கவுண்ட்டுக்கு உங்க ஃபீஸ் மட்டும் வரட்டும்.

வருமான வரிக்கு வருவோம். நிறைய ஃப்ரீலான்சர்கள் கண்ணை மூடிக்கிட்டு 44ஏடிஏ போடறாங்க, பாதியை லாபம்னு காட்டிடலாம்னு. அந்தப் பிரிவு வக்கீல், டாக்டர், இன்ஜினியர், எங்களை மாதிரி சிஏ இப்படி ஒரு பட்டியலுக்கு மட்டும்தான். விளம்பரத் தொழில் அதுல இல்ல. குழப்பம் எங்க வருதுன்னா, டிடிஎஸ் பிடிக்கற 194ஜே பிரிவுல விளம்பரமும் 'தொழில்முறை சேவை'ன்னு இருக்கு. ஒரு பிரிவுல உண்டு, இன்னொண்ணுல இல்ல. சட்டம் எழுதினவங்களைத்தான் கேக்கணும்.

அப்போ 44ஏடி? சாதாரண வியாபாரத்துக்கு உண்டானது, டிஜிட்டல் வரவுல 6%, ரொக்கத்துல 8% லாபம்னு காட்டலாம். பொருந்தும், ஒரு கண்ணி மட்டும் இல்லைன்னா. கமிஷன் வருமானம் இருக்கறவருக்கு 44ஏடி கிடையாது. தம்பியோட 6,60,000-ல 60,000 பிரிண்டர் கொடுத்தது. ஜிபேல குறிப்பு வேற: 'கமிஷன்'. ஒவ்வொரு மாசமும்! அதனால ஐடிஆர்-4 இல்ல, கணக்கு எழுதி ஐடிஆர்-3.

இங்க ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். 44ஏடி கிடைச்சிருந்தாகூட, 6,60,000-க்கு 6%னு 39,600 காட்டச் சொல்லி நான் அனுப்பியிருக்க மாட்டேன். நிஜ லாபம் அதைவிட அதிகம்னு தெரியும்போது அதைத்தான் காட்டணும். தவிர, 39,600 வருமானத்தைப் பார்த்து எந்த மேனேஜர் வீட்டுக் கடன் தருவார்? 2024-25-க்கு புது வரிமுறைல 7 லட்சம் வரைக்கும் 87ஏ தள்ளுபடியால வரி இல்ல. 2025-26-ல இருந்து அது 12 லட்சம். 4,70,000-ஐ உண்மையா காட்டினாலும் வரி பூஜ்யம். மறைச்சு என்ன லாபம்? டிசம்பர் 31-க்குள்ள தாமத ரிட்டர்ன் போட்டோம். தாமதக் கட்டணம் 1,000 ரூபாய்.

கண் பரிசோதனை முகாம் நடத்தின கிளினிக் 10% டிடிஎஸ் பிடிச்சிருந்தது. அது ரீஃபண்டா வரும். ஆனா 2023-24-ல இன்னொரு இடத்துல பிடிச்சது? ஐடிஆர்-யூ போட்டு ரீஃபண்ட் கேக்க முடியாது. அந்த 6,000 ரூபாய்க்கு அவர் ரொம்ப வருத்தப்பட்டார்.

பணத்துக்குப் பதிலா பொருள் வாங்கறவங்க கவனிங்க. ஒரு ஃபர்னிச்சர் கடை ஃபீஸுக்குப் பதில் சோபா கொடுத்தா, அந்த சோபாவோட மதிப்பும் வியாபார வருமானம்தான். வருஷத்துல 20,000 தாண்டினா 194ஆர்-ல டிடிஎஸ்ஸும் வரலாம். 2026 ஏப்ரல் 1-ல இருந்து வருமான வரிச் சட்டம் 2025 அமலுக்கு வருது, நான் சொன்ன பிரிவு எண்கள் எல்லாம் அதுல மாறிடும். அதனால எண்ணை மனப்பாடம் பண்ணாதீங்க, விஷயத்தைப் பிடிச்சுக்கோங்க.

பாக்கி வசூல். அரசு உத்யம் தளத்துல பதிவு இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதீங்க. குறு நிறுவனமா பதிவு பண்ணிட்டா, ஒப்பந்தம் இல்லாதப்போ 15 நாள்ல, இருந்தா அதிகபட்சம் 45 நாள்ல உங்களுக்குப் பணம் வரணும். கணக்கு எழுதி வரி கட்டற வியாபாரி தாமதப்படுத்தினா, கொடுக்கற வருஷம் வரைக்கும் அந்தச் செலவை அவர் கழிச்சுக்க முடியாது. மார்ச் மாசம் அவங்க ஆடிட்டருக்கு ஒரு மெயில் போடுங்க. செகரட்டரிக்குப் பத்து போன் பண்றதைவிட வேகமா வேலை செய்யும். அசோசியேஷன்கிட்ட இது பலிக்காது, அங்க அட்வான்ஸ்தான்.

கடைசியா பேனர். 2019 செப்டம்பர் 12. பள்ளிக்கரணைல பேனர் சரிஞ்சு விழுந்து, பின்னாடி வந்த லாரில சிக்கி சுபஸ்ரீ இறந்தாங்க. 23 வயசு, நம்ம குரோம்பேட்டைப் பக்கத்துப் பொண்ணு, வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தவங்க. குடும்பத்துக்கு 5 லட்சம் இடைக்கால இழப்பீடு தரச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2021-ல தாம்பரம் மாநகராட்சி ஆனதுக்கப்புறம் நம்ம ஏரியாவுக்கு அனுமதி கேக்க வேண்டியது அங்கதான். 'எல்லாரும் வெக்கறாங்க'ன்னு கிளையண்ட் சொன்னா, முடியாதுன்னு சொல்லுங்க. அபராதம் வந்தா அதை வரிச் செலவா காட்டவும் முடியாது. ஆனா நான் இதைச் சொல்றது வரிக்காக இல்ல.

தம்பி இப்போ தனி கரண்ட் அக்கவுண்ட் திறந்துட்டார். பிரிண்டர்கிட்ட கமிஷன் வேண்டாம்னு சொல்லிட்டு, அந்த அளவுக்குத் தன் ஃபீஸை ஏத்திக்கிட்டார். பிரிண்டர் ரெண்டு வாரம் போன் எடுக்கல, அப்புறம் சரியாயிட்டார். பேங்க்ல, அடுத்த ரிட்டர்னும் போட்டுட்டு ரெண்டு வருஷ ஐடிஆரோட வாங்க, பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க. அஸ்தினாபுரத்துல ஒரு டபுள் பெட்ரூம் பார்த்து வெச்சிருக்கார், ஓனர் அதுவரைக்கும் காத்திருப்பாரான்னு தெரியல.