இரண்டாவது காரும் ஓய்வில் நிற்கும் காரும்



திருகோணமலை உட்துறைமுகத்தின் நீர்ப்பரப்பை நோக்கியவாறு நிற்கும் மேட்டுப் பகுதியை ஓர்ஸ் ஹில் என்று ஆங்கிலேயர் வழங்கினர்; தமிழர் உவர்மலை என்று வழங்குகின்றனர். பிரித்தானியக் கடற்படை 1957 ஆம் ஆண்டில் இத்துறைமுகத்தைக் கையளித்துச் சென்றது. அதன் பின்னரும் அம்மேட்டின் பழைய வளவுகள் பல தம் விசாலமான முற்றங்களோடு நிலைத்தன. அம்முற்றங்கள் சிலவற்றில் இன்று ஒரு காட்சியைக் காணலாம். முன்னால் புதிய கார் ஒன்று பளபளப்பாக நிற்கும். வேப்பமரத்தின் கீழோ கொட்டிலின் உள்ளோ தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று சருகுகளுக்கு இடையே உறங்கும்.

பழையதை ஏன் விற்கவில்லை என்று கேட்டால் விடை எளிது. 2020 மார்ச்சு மாதம் முதல் தனியார் கார்களின் இறக்குமதி இந்நாட்டில் நிறுத்தப்பட்டிருந்தது. 2025 பெப்ரவரி மாதத்திலேதான் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளின் விலை, வாங்கிய விலையையும் தாண்டி ஏறிற்று. 2022 ஆம் ஆண்டில் பெற்றோல் பங்கீடு வண்டி எண்ணைக் கொண்டு வழங்கப்பட்டமையால், ஓடாத வண்டிக்கும் ஒரு மதிப்பு உண்டாயிற்று. அவ்வாறு வளர்ந்த பற்று எளிதில் அறுமா?

ஆகவே எழுகின்ற வினா இதுதான். ஒரு காரை ஓட்டுகிறோம். மற்றதை நிறுத்தி வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் காப்புறுதி வேண்டுமா? ஒரே காப்புறுதியை இங்கும் அங்குமாகப் பயன்படுத்த இயலாதா?

முதலில் சட்டம் யாது கூறுகிறது என்பதைக் காண்போம். இலங்கையின் 1951 ஆம் ஆண்டு 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், பெருந்தெருவிலே வண்டியைப் பயன்படுத்துபவர் மூன்றாந் தரப்பினருக்கு நேரும் தீங்கிற்கு எதிரான காப்புறுதி பெற்றிருத்தல் வேண்டும் என்கிறது. இங்கே நாம் உற்று நோக்கவேண்டிய சொற்கள் இரண்டு: ஒன்று ‘பெருந்தெரு’, மற்றொன்று ‘பயன்படுத்தல்’. சொந்த வளவின் மதிலுக்குள்ளே நிற்கும் கார் பெருந்தெருவில் இல்லை. அதுவே படலைக்கு வெளியே, வீதியோரத்தில் நின்றால்?

உவர்மலையிலே இக்கேள்வி வெறுங் கற்பனையன்று. சில வீடுகளில் ஒரு காருக்குத்தான் இடமிருக்கும். மற்றது வீதியோரத்தில் மதிலை ஒட்டி நிற்கும். சக்கரத்தின் கீழ் ஒரு கல், அதன் மேல் ஒரு தார்ப்பாய்! “அது ஓடாத கார்தானே” என்பார் உரியவர்.

இதே வாதத்தை இங்கிலாந்திலே ஒருவர் 1959 ஆம் ஆண்டில் நீதிமன்றத்தில் முன்வைத்தார். பழுதுபட்ட தமது காரை வீட்டுக்கு முன்னால் தெருவில் நிறுத்தி, சக்கரங்களை உயர்த்தி வைத்து, காப்புறுதியையும் நிறுத்திவிட்டார். பின்னொரு நாள் காரைத் துடைத்து, முண்டைக் கழற்றி, பற்றறியை மின்னேற்ற அனுப்பினார். இயந்திரமோ அப்போதும் இயங்கும் நிலையில் இல்லை. ஆயினும், தெருவிலே நின்ற அவ்வண்டி அவருடைய பயன்பாட்டுக்கு உட்பட்டே இருந்தது என்று நீதிமன்றம் கண்டது. காப்புறுதி இன்றிப் பயன்படுத்திய குற்றம் நிலைநாட்டப்பட்டது. அத்தீர்ப்பு நம் நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதன்று. எனினும் நமது சட்டத்தின் வாசகம் ஆங்கிலச் சட்டத்தின் வார்ப்பிலே அமைந்தது; ஆதலின் அதைப் புறக்கணிப்பது அறிவுடைமையாகாது. மேலும், சரிவான தெருவில் நிற்கும் ஒரு வண்டியின் கல் விலகினால், அது தானே உருண்டு சென்று வழிப்போக்கர் ஒருவரை மோதக்கூடும். ஓட்டுநர் இல்லாத காரணத்தால் காயம் சிறிதாகிவிடுமா?

வளவுக்குள்ளே நிறுத்தியவருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. போர்த்துக்கல் நாட்டிலே ஓர் அம்மையார் உடல்நலக் குறைவால் கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். காரைத் தம் வீட்டு முற்றத்தில் நிறுத்தினார். அது ஓடக்கூடிய நிலையிலேயே இருந்தது. பாவனையிலிருந்து விலக்கியதாக அரசுக்கு அவர் முறைப்படி அறிவிக்கவில்லை, காப்புறுதியும் எடுக்கவில்லை. 2006 நவம்பரில் அவருடைய மகன் தாயின் அனுமதியின்றி அக்காரை எடுத்துச் சென்றான். கார் வீதியை விட்டு விலகியது. மகனும் உடன் சென்ற இருவரும் மாண்டனர். இறந்த இருவரின் குடும்பத்தினருக்கும் அந்நாட்டின் உத்தரவாத நிதியம் நட்டஈடு வழங்கியது. பின்னர் அத்தொகையைத் திருப்பித் தருமாறு தாயின் மீதே வழக்குத் தொடுத்தது. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை சென்றது. முறைப்படி விலக்கப்படாததும் ஓடக்கூடியதுமான கார், தனியார் நிலத்தில் நின்றாலும், ஓட்டும் எண்ணம் உரியவருக்கு இல்லாவிடினும், காப்புறுதி பெற்றிருத்தல் வேண்டும் என 2018 செப்டெம்பரில் அந்நீதிமன்றம் கூறிற்று. மகனை இழந்த தாயிடம் பணமும் கேட்கப்பட்டதே என்று நெஞ்சு பதைக்கிறது. ஐரோப்பியச் சட்டம் நமக்குரியதன்று. ஆனால் சாவியை ஆணியில் தொங்கவிடும் வழக்கம் நமக்கும் உரியதே.

இனி, முறைப்படி அறிவித்தல் பற்றிக் கூறுகிறேன். இலங்கையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஆண்டுதோறும் வருமான உத்தரவுப் பத்திரம் பெறவேண்டும். மாகாண சபைகளின் அதிகாரத்துக்கு உட்பட்ட இப்பத்திரத்தைப் பிரதேச செயலகங்களில் பெறலாம். உவர்மலை வாசிகளுக்குரியது திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். பத்திரம் பெறுவதற்குச் செல்லுபடியான காப்புறுதிச் சான்றும், 2008 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த புகைப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். எனவே, காப்புறுதி இல்லையேல் உத்தரவுப் பத்திரமும் இல்லை. பத்திரத்தைப் புதுப்பிக்காமல் வாளாவிருந்தால், பின்னொரு நாள் வண்டியை எடுக்கும்போது நிலுவையும் தண்டமும் சேர்ந்து நிற்கும். இதற்குப் பரிகாரம் உண்டு. வண்டியைப் பயன்படுத்தப் போவதில்லை என்பதை எழுத்திலே அறிவித்தல் வேண்டும். நடப்புப் பத்திரம் காலாவதியாகுமுன்னரே பிரதேச செயலகத்துக்குச் சென்று இவ்வறிவித்தலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்கான சான்றைக் காப்பாற்றி வைப்பது நலம். நம்மவர் பலர் இதை அறியார். அறிந்த சிலரும் ‘பிறகு பார்ப்போம்’ என்று விட்டுவிடுவர்.

அடுத்தது, ஒரே காப்புறுதியை இரு கார்களுக்கும் பயன்படுத்தலாமா என்னும் ஐயம். காப்புறுதிப் பத்திரத்திலே வண்டியின் பதிவு எண் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணுக்கே பாதுகாப்பு. “என் பத்திரத்தில் பிற கார்களையும் ஓட்டலாம் என்று எழுதியிருக்கிறதே” எனச் சிலர் கூறுவதைக் கேட்டிருக்கிறேன். அவ்வாசகத்தை முடிவுவரை வாசித்தல் வேண்டும். அத்தகைய சலுகை பெரும்பாலும், காப்புறுதியாளருக்குச் சொந்தமல்லாத காருக்கே உரியது. அதுவும் மூன்றாந் தரப்பினருக்கு நேரும் தீங்கின் அளவிலேயே நிற்கும். நண்பரின் காருக்குப் பொருந்தும் வாசகம் உங்கள் சொந்த இரண்டாவது காருக்குப் பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை பழைய காரை நிலாவெளிக்கு ஓட்டிப் பார்ப்போம் என்று புறப்படுவோர் இதை நினைவிற் கொள்க. கராஜுக்குக் கயிறு கட்டி இழுத்துச் செல்வதும் வீதிப் பயணமே. அதற்கும் முன்கூட்டியே தற்காலிகக் காப்புறுதி கேட்டுப் பெறவேண்டும்.

விபத்தின்றி ஓட்டியவருக்குக் கிடைக்கும் கழிவு, அதாவது நோ கிளெய்ம் போனஸ், ஒரு நேரத்தில் ஒரு பத்திரத்தோடுதான் ஒட்டி நிற்கும். பழைய காரில் ஈட்டிய கழிவைப் புதிய காருக்கு மாற்ற விரும்பினால் அதை வெளிப்படையாகக் கேட்டு, நிறுவனத்திடம் கடிதம் பெறுங்கள். பழைய காரின் பத்திரத்தை நிறுத்திவிட்டுச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்புவோர்க்கு அக்கழிவு எஞ்சுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

சரி, நிற்கும் காருக்குக் காப்புறுதி எதுவுமே வேண்டாமா? சட்டத்தின் கட்டாயம் வேறு; நம் பொருளைக் காத்தல் வேறு. நிற்கும் காரையும் தீ எரிக்கும். கள்வன் சக்கரத்தைக் கழற்றுவான். வடகீழ்ப் பருவக்காற்றில் மரக்கிளை முறிந்து கண்ணாடியில் விழும். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கியபோது, நின்ற வண்டியென்றும் ஓடிய வண்டியென்றும் அது பேதம் பார்க்கவில்லை. நிற்கும் காருக்கென, தீயும் திருட்டும் மாத்திரம் அடங்கிய குறைந்த கட்டணக் காப்பு பல நாடுகளில் வழக்கில் உள்ளது. இந்தியாவின் 2002 ஆம் ஆண்டு மோட்டார் கட்டண விதிகளிலும் ஓய்வில் நிறுத்திய வண்டிகளுக்கெனத் தனி ஏற்பாடு இருந்தது. இங்கும் உங்கள் நிறுவனத்திடம் இதைக் கேளுங்கள். கேளாதவருக்கு முழுக் கட்டணப் பத்திரமே நீட்டப்படும். வெள்ளம், புயல் போன்றவை சேர்க்கப்பட்டுள்ளனவா என்றும் கேளுங்கள். கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பு தனியே சேர்க்கப்படுவது. அதற்குரிய நிதியைத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நிருவகிக்கிறது. நம் பகுதியின் கடந்த காலத்தை அறிந்தோர்க்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. ஆனால், கடற்காற்றின் உப்பினால் உண்டாகும் துருவுக்கு எந்தப் பத்திரமும் ஈடு தராது. உவர்மலையில் நிற்கும் காருக்கு முதற் பகை அத்துருவே.

பெறுமதி பற்றியும் ஒரு சொல். பழைய காரின் விலை ஏறியதென்றேன். பத்திரத்திலோ பழைய தொகையே இருக்கும். சந்தையில் 40 இலட்சம் ரூபா பெறும் காரை 20 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவருக்கு 6 இலட்சம் ரூபா சேதம் நேர்ந்தது எனக் கொள்வோம். குறைக் காப்புறுதி விதி அடங்கிய பத்திரமாயின், சேதத்தின் பாதியான 3 இலட்சமே கிடைக்கும். மற்றப் பாதியை அவரே சுமத்தல் வேண்டும். இறக்குமதி மீண்டும் தொடங்கியபின் விலைகள் மாறி வருகின்றமையால், ஆண்டுதோறும் தொகையைத் திருத்துவது அவசியமாகிறது. மிகைத்து எழுதுவதாலும் பயனில்லை. இழந்த பெறுமதிக்கு மேல் நிறுவனம் கொடாது.

பெயர் மாற்றாமல் ‘ஓபன் பேப்பர்’ முறையில் இரண்டாவது காரை வாங்கியோர் சிலர் உளர். விற்றவரின் பெயரிலுள்ள பத்திரத்தை வைத்துக்கொண்டு தமக்குக் காப்புறுதி உண்டென எண்ணுவர். கார் கைமாறியவுடன் விற்றவருக்கு அதில் உரித்து அற்றுப்போகிறது. வாங்கியவரோ ஒப்பந்தத்திலே இல்லை. நிறுவனத்தோடு பிணக்கு ஏற்பட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம்; ஆனால் ஒப்பந்தத்தில் இல்லாதவர் எதைக் கொண்டு முறையிடுவார்?

பழைய காரை மீண்டும் வீதிக்குக் கொண்டுவர எண்ணும்போது வரிசை தவறலாகாது. பற்றறியையும் தடுப்புக் கருவிகளையும் பொறியறிஞர் ஒருவரை வளவுக்கே அழைத்துக் காட்டுங்கள். அடுத்துக் காப்புறுதியை எடுங்கள். புகைப் பரிசோதனைக்குச் செல்வதும் வீதி வழியேதான். அச்சான்று கிடைத்தபின், பாவனையின்மை அறிவித்த பற்றுச்சான்றையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குச் சென்று உத்தரவுப் பத்திரம் பெறுங்கள். அதுவரை தார்ப்பாய் காரின் மேலும், சாவி பூட்டிய அலுமாரியிலும் இருக்கட்டும்.