தோப்புக் கல்யாணத்தில் நாலு மணி டீ

வைகாசி முகூர்த்தம். நார்த்தாமலைப் பக்கம் ஒரு தோப்பில் பந்தல். 300 விருந்தாளிகளுக்கு மாலை நாலு மணிக்கு டீ, பலகாரம். நாம் போடும் எஸ்டிமேட் மாதிரி இதுவும் ஒரு கணக்குத்தான்.

முதலில் அளவு. ஆளுக்கு ஒரு கப்; நூறு பேரில் 25 பேர் இன்னொன்று கேட்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 375 கப். கப்புக்கு 100 மி.லி. என்றால் 37.5 லிட்டர். பால் 25 லிட்டர், தண்ணீர் 12.5 லிட்டர், டீத்தூள் முக்கால் கிலோ, கப்புக்கு 10 கிராம் வீதம் சீனி 3.75 கிலோ.

ஆனால் அளவைவிட நேரம்தான் முக்கியம். சுற்றிலும் கருங்கல் குன்றுகள். பகலெல்லாம் வாங்கின சூட்டைப் பாறை சாயங்காலமும் விட்டுக்கொண்டே இருக்கும். சமைத்த பண்டம் 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் கிடந்தால் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெளியே 32 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஒரு மணி நேரம்தான் கெடு.

ஆகவே:

1. பால் வந்த உடனே காய்ச்சணும்.

2. டீயை ஒரே அண்டாவில் போட்டு வைக்காமல், நாலு ஈடாகப் போடணும்.

3. தேங்காய்ச் சட்னி வேண்டாம். மசால் வடையைச் சுடச்சுட எடுத்துக் கொடுத்தால் போதும்.

4. நீர்மோரில் மீன் பெட்டி ஐஸைப் போடவே கூடாது. அது குடிப்பதற்குச் செய்ததல்ல.

5. வைகாசியில் மேல்காற்று. அடுப்பைப் பந்தலுக்குக் கிழக்கே தள்ளி வைத்தால் தீப்பொறி கீற்றில் விழாது.

டீ பற்றாமல் போனால் ஒரு நாள் பேச்சு. வந்தவர்கள் வயிறு கெட்டால் ஊரே வருஷக்கணக்கில் சொல்லும். கணக்கோடு கடிகாரத்தையும் பாருங்கள், நண்பர்களே!