செலவில்லாத கோடை விடுமுறை: உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு வானம்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. வெளியே அருப்புக்கோட்டை வெயில். காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை பிள்ளைகளைத் தெருவில் விட முடியாது. முதல் வாரம் கார் ரேஸ், இரண்டாவது வாரம் யூடியூப், மூன்றாவது வாரம் மவுஸ் யார் கையில் என்று சண்டை. அதன் பிறகு, "எங்கயாவது கூட்டிட்டுப் போங்கப்பா" என்ற கேள்வி வரும். மதுரைக்குப் போய் ஒரு நாள் தண்ணீரில் விளையாடிவிட்டு வரலாம்தான். பஸ், நுழைவுச் சீட்டு, சாப்பாடு என்று கணக்குப் போட்டால், தறி வேலையில் இருக்கும் வீட்டுக்கு ஒரு வாரக் கூலி கரைந்துவிடும்.

நம் பகுதியில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது இரவு வானம். சென்னையில் நான் குடியிருக்கும் தெருவில் அண்ணாந்து பார்த்தால் இருபது நட்சத்திரம் தேறாது. திருச்சுழி பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் நின்றால் எண்ண முடியாது. அந்த வானத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுக்கும் சாப்ட்வேர் ஸ்டெல்லேரியம். 2000-ஆம் ஆண்டில் பாபியன் ஷெரோ என்ற பிரெஞ்சு புரோகிராமர் தொடங்கியது. இன்று வரை இலவசம். விளம்பரமும் கிடையாது.

டவுன்லோட் செய்வது எப்படி?

பிரவுசரைத் திறந்து ஸ்டெல்லேரியம் டாட் ஓ.ஆர்.ஜி. என்ற தளத்துக்குச் செல்லவும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் தனித்தனி பைல்கள் இருக்கும். உங்களுடையதைத் தேர்ந்தெடுக்கவும். பைல் சில நூறு எம்.பி. இருக்கும் என்பதால் மொபைல் டேட்டா மிச்சம் இருக்கும் நாளில் டவுன்லோட் செய்வது நல்லது. ஒரு முறை இன்ஸ்டால் செய்துவிட்டால் பிறகு இன்டர்நெட் தேவையில்லை. பழைய லேப்டாப்பில் திறக்க மறுத்தால், பிரவுசரிலேயே இயங்கும் ஸ்டெல்லேரியம் வெப் என்ற பதிப்பைப் பயன்படுத்தலாம். அதற்கு மட்டும் இன்டர்நெட் வேண்டும்.

திறந்ததும் முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். எப் 6 கீயைத் தட்டினால் ஒரு விண்டோ வரும். உங்கள் ஊரின் பெயரை ஆங்கிலத்தில் தேடவும். பட்டியலில் இல்லாவிட்டால் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுக்கவும். அருப்புக்கோட்டைக்கு வடக்கு 9 டிகிரி 31 நிமிடம், கிழக்கு 78 டிகிரி 6 நிமிடம். திருச்சுழிக்கு 9 டிகிரி 32 நிமிடம், 78 டிகிரி 12 நிமிடம். டாஸ்க் பாரில் உள்ள கடிகாரம் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளவும். கடிகாரம் தப்பாக இருந்தால் வானமும் தப்பாகத்தான் வரும்.

நினைவில் வைக்க வேண்டிய கீகள் குறைவு. எப் 5 தேதியையும் நேரத்தையும் மாற்ற, எப் 3 தேட. 'எல்' நேரத்தை வேகமாக ஓட்டும், 'கே' சாதாரண வேகத்துக்குக் கொண்டுவரும், '8' இந்த நிமிடத்துக்குத் திரும்பும். 'ஜி' தரையை மறைக்கும், 'ஏ' பகல் வெளிச்சத்தை நீக்கும். இந்த இரண்டும் கடைசியில் ரொம்ப உதவும்.

சித்திரை 1 அன்று நிழல் எங்கே?

நமக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது வருடத்தில் இரண்டு நாள்தான். அருப்புக்கோட்டைக்கு அந்த நாள் ஏப்ரல் 14-ஐ ஒட்டி வருகிறது, அதாவது தமிழ்ப் புத்தாண்டு. ('முன்னோர்கள் இதைப் பார்த்துத்தான் சித்திரை 1-ஐ வைத்தார்கள்' என்று யாராவது மெசேஜ் அனுப்பினால் நம்ப வேண்டாம். இது தற்செயல். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கிலும், சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கிலும்தான் வரும்.)

எப் 5-இல் ஏப்ரல் 14, பகல் 12 மணி 18 நிமிடம் என்று கொடுத்து, எப் 3-இல் சூரியனைத் தேடவும். திரையின் இடது மேல் மூலையில் சூரியனின் உயரம் ஏறக்குறைய 90 டிகிரி என்று காட்டும். சரியாக 12 மணிக்கு ஏன் இல்லை? நம் கடிகாரங்கள் எல்லாம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகின்றன. நாம் அதற்கு மேற்கே 4.4 டிகிரி தள்ளி இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் பதினேழரை நிமிடம் பிந்துகிறோம்.

இதை மொட்டை மாடியில் சரிபார்க்க ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் போதும். வீட்டில் கொத்தனார் யாராவது இருந்தால் ரசமட்டம் வாங்கி, தரை மட்டமாக உள்ள இடத்தில் குழாயைச் செங்குத்தாக நிறுத்துங்கள். 12.18-க்கு நிழல் குழாயின் காலடியில் ஒடுங்கிவிடும். காலில் செருப்பு கட்டாயம். சூரியனை நேராகவோ பைனாகுலர் வழியாகவோ ஒரு கணம்கூடப் பார்க்கக் கூடாது. நிழலை மட்டும் பாருங்கள்.

சென்னையில் சித்தப்பாவோ அத்தையோ இருந்தால், அதே நாள் அங்கே உச்சிப்பொழுதான 12.09-க்கு 1 மீட்டர் குச்சியின் நிழலை அளந்து சொல்லச் சொல்லுங்கள். 6 செ.மீ.க்குச் சற்று அதிகமாக இருக்கும். இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக உள்ள தூரம் சுமார் 395 கி.மீ. (ரோட்டுத் தூரத்தை எடுக்கக் கூடாது.) கால்குலேட்டரைத் திறந்து 395-ஐ 100-ஆல் பெருக்கி 6.2-ஆல் வகுத்தால் 6,371 வரும். அது பூமியின் ஆரம், கிலோமீட்டரில். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் செய்ததும் இதே வேலைதான். நிழலில் ஒரு மில்லிமீட்டர் மாறினால் விடை 100 கி.மீ. மாறும் என்பதால், உங்களுக்கு 6,000 முதல் 7,000-க்குள் எது வந்தாலும் நல்ல விடைதான். ஏப்ரல் 14-ஐத் தவற விட்டவர்களுக்கு ஆகஸ்ட் 28 வாக்கில் நிழல் மறுபடியும் ஒளியும்.

இரவு எட்டரை மணி

சாப்பாடு முடிந்து பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகும் நேரம். லேப்டாப் என்றால் கூடவே கொண்டு போகலாம். கண்ட்ரோல் கீயுடன் 'என்' தட்டினால் திரை சிவப்பாகிவிடும், இருட்டுக்குப் பழகிய கண் கூசாது. டெஸ்க்டாப் என்றால் கீழே பார்த்துவிட்டு ஒரு பேப்பரில் வரைந்து எடுத்துப் போங்கள். என்னைக் கேட்டால் பிள்ளைகளுக்கு இதுதான் மனதில் நிற்கும்.

ஏப்ரல் கடைசியில் தலைக்கு நேர் மேலே இருப்பது மகம். மேலைநாட்டுப் பெயர் ரெகுலஸ். தென்கிழக்கில் பாதி உயரத்தில் வெண்மையாக இருப்பது சித்திரை, அதாவது ஸ்பைக்கா. கிழக்கே இளஞ்சிவப்பாக சுவாதி, அதாவது ஆர்க்டூரஸ். மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும் செந்நிறம் திருவாதிரை, அதாவது பெட்டல்ஜூஸ். அதற்கு மேலே இரட்டையாக நிற்பவை புனர்பூசத்தின் காஸ்டர், போலக்ஸ். பத்து மணிக்கு மேல் தென்கிழக்கில் கேட்டை எழும்பும், அதாவது அன்டாரிஸ். கார்த்திகை, ரோகிணிக்காரர்கள் மட்டும் தீபாவளி விடுமுறை வரை பொறுக்க வேண்டும்.

மே நடுவில் ஒன்பது மணி சுமாருக்கு வடக்கே சப்தரிஷி மண்டலம் நிமிர்ந்து நிற்கும். அதே நேரம் தெற்கே, அடிவானத்திலிருந்து 20 டிகிரி உயரத்தில், சிலுவை போன்ற தென்சிலுவை. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க நம் அட்சரேகை வசதி. சப்தரிஷியின் வால் முனையிலிருந்து இரண்டாவது நட்சத்திரம் வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாக ஒரு புள்ளி, அருந்ததி. கல்யாணத்தில் பட்டப்பகலில் விரல் நீட்டிக் காட்டப்பட்டு, எதையும் பார்க்காமல் தலையாட்டிய அம்மாவையும் அப்பாவையும் இப்போது நிஜமாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டெல்லேரியத்தில் மவுஸ் வீலை உருட்டினால் இரண்டும் விலகித் தெரியும். கண்ணாடி போட்டும் வெறும் கண்ணுக்குத் தெரியாதவர்கள் கண் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

பிறந்த நட்சத்திரம் என்பது என்ன?

நம் எல்லோருக்கும் ஒரு நட்சத்திரம் உண்டு. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது சொல்கிறோம். அது நாம் பிறந்தபோது நிலா வானத்தில் நின்ற இடம். நிலா ஒரு சுற்று வர 27 நாளும் கொஞ்சமும் ஆகிறது, அதனால் பாதையை 27 பங்காகப் பிரித்திருக்கிறார்கள். ஜோதிடத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நிலா நின்ற இடம் கணக்கு.

முதலில் தேதி நன்றாகத் தெரிந்த ஒருவரை வைத்துப் பார்ப்போம். ரமண மகரிஷி திருச்சுழியில் பிறந்தவர். அவர் பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. பிறந்தது 1879 டிசம்பர் 30, அதிகாலை 1 மணி சுமாருக்கு. மார்கழி, புனர்பூசம். எப் 6-இல் திருச்சுழியையும் எப் 5-இல் அந்தத் தேதியையும் கொடுங்கள். பௌர்ணமி கழிந்த நிலா ஏறக்குறைய உச்சியில், போலக்ஸ் பக்கத்தில் நிற்கும். புனர்பூசம்தான்.

இனி உங்கள் வீட்டு ஆட்கள். தேதியைக் கொடுத்து, 'ஜி', 'ஏ' இரண்டையும் தட்டி, நிலாவைத் தேடுங்கள். அருகில் எந்த நட்சத்திரம் என்று பாருங்கள். பங்குகள் சமமாகப் பிரிக்கப்பட்டவை என்பதால் நிலா கொஞ்சம் தள்ளியும் இருக்கலாம். சுவாதி, திருவோணக்காரர்கள் ஏமாற வேண்டாம். அந்த நட்சத்திரங்கள் நிலாவின் பாதைக்கு வெகுதூரம் வடக்கே இருக்கின்றன.

இங்கேதான் ஒரு விஷயம் கிளம்பும். தாத்தாவுக்கு நிலா வேறு எங்கோ நிற்கும். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் வசதிக்கு ஒரு ஜூன் மாதத் தேதியை எழுதியிருப்பார். அப்பத்தாவுக்கோ தேதியே கிடையாது. "மாசி மாசம், மக நட்சத்திரம், வெள்ளிக்கிழமை பொறந்தேன்" என்பார், அவ்வளவுதான். அந்த மூன்று தகவல் போதும். யார் பெரியவர், யாருக்கு எத்தனை வயது வித்தியாசம் என்று விசாரித்து, பத்து வருடத்துக்குள் ஒரு எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். விசாரிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள், அம்மாச்சி வீடு வரை போய் வருவார்கள். பிறகு லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது எக்ஸெல் திறந்து, முதல் காலத்தில் வருடங்களை எழுதவும். ஒவ்வொரு வருடமும் மாசி மாதத்தில், அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை, நிலா ரெகுலஸ் அருகில் வரும் தேதியை ஸ்டெல்லேரியத்தில் பார்த்து அடுத்த காலத்தில் டைப் செய்யவும். பார்மட் செல்ஸ் பகுதியில் கிழமையுடன் கூடிய தேதி வடிவத்தைக் கொடுத்தால் கிழமை தானாக வரும். ஒரு மாதத்தில் ஒரு நட்சத்திரம் பெரும்பாலும் ஒரு முறைதான் வரும். கிழமையும் பொருந்த ஏழில் ஒரு வாய்ப்பு. பத்து வருடத்தில் ஒன்றிரண்டு தேதிகள்தான் மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கை. பெரியவர்களுக்கு நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்குவது. மகரிஷி பிறந்த 30-ஆம் தேதி காலண்டரில் செவ்வாய், ஊர்க் கணக்கில் திங்கள் இரவு. அதனால் நடுராத்திரிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அடுத்த கிழமையையும் சேர்த்துப் பாருங்கள். தேதி ஒன்றுக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் சந்தேகம் இருந்தால், பக்கத்துக் கோயில் குருக்களிடம் பழைய பஞ்சாங்கம் இருக்கிறதா என்று கேட்கலாம்.

தேதி கிடைத்ததும், அந்த இரவு வானத்தைத் திரையில் வைத்து கண்ட்ரோல் கீயுடன் 'எஸ்' தட்டவும். பிக்சர்ஸ் போல்டருக்குள் ஸ்டெல்லேரியம் என்ற போல்டரில் படம் சேமிக்கப்படும். பென் டிரைவில் எடுத்துப் போய்க் கடையில் கலர் பிரின்ட் போட்டு, கீழே தேதியையும் நட்சத்திரத்தையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அப்பத்தாவிடம் கொடுங்கள். அடுத்த மாசியில் கேக் வாங்குவதா, பாயசம் வைப்பதா என்பதை அவரே சொல்வார்.