கைராசியும் கைபேசியும்

மத்தூர் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: "ஏன் சார், போன்லயே டாக்டரைப் பாக்கலாம், காசும் இல்லைன்றாங்க. அப்புறம் எதுக்கு எங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு நான் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறணும்?"

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. இன்னொரு டீ சொன்னோம்.

காசு இல்லை என்பது உண்மை. மத்திய அரசின் இ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் வசதி, ஊரடங்கு நேரத்தில் 2020 ஏப்ரலில் வந்தது. தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு விதிகள் அதற்குச் சில நாள் முன்பே, மார்ச் 25 அன்று வந்துவிட்டன. விதியும் இருக்கிறது, செயலியும் இருக்கிறது. பிறகு எங்கே இடிக்கிறது?

அவர் வீட்டையே எடுத்துக்கொண்டோம். ஸ்மார்ட்போன் ஒன்றுதான். அது மகனோடு ஓசூர் வேலைக்குப் போய்விடுகிறது. ஷிஃப்டில் நுழையும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பாட்டிக்குத் தலை சுற்றுவது மத்தூரில், செயலி கேட்கும் ஓ.டி.பி. வந்து விழுவது ஓசூர் லாக்கரில். டவர் இல்லை, நெட் இல்லை என்று பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

சரி, போன் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நல்ல டாக்டரை நம் ஊரில் கைராசிக்காரர் என்கிறோம். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட மாட்டேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தால்தான் வலி எந்தப் பக்கம் என்று பிடிபடும். பிரஷர் பார்க்கக் கையில் பட்டை கட்டியாக வேண்டும். கேமராவுக்கு விரல் கிடையாது. (ஊசி போடாதவர் டாக்டரே இல்லை என்பாரே பாட்டி, அதில் மட்டும் நான் அவர் கட்சி இல்லை.)

"பெங்களூரு பெரிய டாக்டரையே போன்ல பிடிச்சிட்டா?"

பிடிக்கலாம். இந்தியாவில் பதிவு பெற்ற டாக்டர் எந்த மாநிலத்து நோயாளியையும் இப்படிப் பார்க்கலாம் என்று விதி சொல்கிறது. ஆனால் பாட்டி "நெஞ்சு கரிக்குது" என்பதற்கும் "நெஞ்சு அடைக்குது" என்பதற்கும் உள்ள தூரம் கன்னடம் மட்டும் தெரிந்தவருக்கு எட்டுமா? ஒன்று அஜீரணம், மற்றது ஆம்புலன்ஸ்.

மருந்திலும் வரம்பு உண்டு. சிலவற்றை வீடியோவில் முகம் பார்த்த பிறகே முதல்முறை எழுதலாம். சிலவற்றை ஏற்கெனவே நேரில் காட்டிய நோய்க்குத் தொடர்ச்சியாக மட்டும். போதை வகை மருந்துகளை எழுதவே கூடாது. "நேர்ல வாங்க" என்று டாக்டர் சொல்வது எப்போதும் தட்டிக்கழிப்பது அல்ல. எல்லாம் சரியாக நடந்தாலும் போனில் வருவது சீட்டுதான், மாத்திரை அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மா கிடைக்கும் பிரஷர் மாத்திரையை அந்தச் சீட்டோடு மெடிக்கலில் வாங்கினால், மிச்சமான பஸ் காசு அங்கே போய்விடும்.

பேச்சே வைத்தியமாக இருக்கும் இடத்தில் போன் நன்றாக வேலை செய்கிறது. மனநல உதவிக்கு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ், எண் 14416, அப்படிப்பட்டது. ஓ.டி.பி. கேட்காது, பட்டன் போனே போதும், தமிழிலேயே பேசலாம். நோயாளி பக்கத்தில் பழகிய ஆள் ஒருவர் இருந்தாலும் வேலை நடக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதித்துச் சொல்ல, தொலைவில் இருக்கும் டாக்டர் முடிவு சொல்கிறார்.

அந்த ஆள் நம்மிடமும் இருக்கிறார். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர் கருவியும் மாத்திரையுமாக வீட்டுக்கு வரும் அந்தத் தன்னார்வலர் பெண் பக்கத்தில் இருக்கும்போது டாக்டரை வீடியோவில் கூப்பிட்டால் ஓ.டி.பி., பட்டை, மாத்திரை மூன்றுக்கும் வழி பிறக்கும். செயலிக்குச் செலவழிக்கிற காசில் ஒரு பங்கை அவர் சம்பளத்தில் போடலாம் என்பது என் கட்சி.

அதுவரை ஒன்று செய்யுங்கள். அம்மாவுக்குப் போனில் டாக்டரைப் பிடித்துக் கொடுக்கும்போது, தீர்ந்துபோன மாத்திரை அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்றால் எந்த ஊர் டாக்டருக்கும் புரியாது.