இருவர் படகும் ஏரிக் காற்றும்

தாதர் வழியாக ஹைதராபாத் செல்லும் ஹுசைன்சாகர் எக்ஸ்பிரஸில் பயணம் செய்தவர்கள் நம் சங்கத்தில் பலர் இருப்பார்கள். அந்த வண்டிக்குப் பெயர் கொடுத்த ஏரியில் பாய்மரப் படகுகள் ஓடுவதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

1562-63ல் இப்ராஹிம் குலி குதுப் ஷா காலத்தில் உருவான ஏரி அது. மழைக்காலம் வந்தால் நம் பம்பாயில் கடல் கொந்தளிக்கும். சிறு படகுகளைக் கரையில் ஏற்றி வைத்துவிடுவார்கள். ஹுசைன்சாகரில் நிலைமை நேர்மாறு. ஜூலை மாதக் காற்றுதான் அங்கே விசேஷம். ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவைச் சேர்ந்த படகுச் சங்கம் பல்லாண்டுகளாக அந்தப் பருவத்தில்தான் போட்டிகளை நடத்தி வந்திருக்கிறது.

கடல் காற்றுக்கும் ஏரிக் காற்றுக்கும் வித்தியாசம் உண்டு. கடலில் காற்று ஓரளவு ஒரே சீராக வரும். ஏரியிலோ கரையில் உள்ள கட்டடங்களிலும் மரங்களிலும் மோதி, உடைந்து, திசை மாறி வரும். ஒரு நிமிடம் பாய் துவண்டு தொங்கும். அடுத்த நிமிடம் படகையே புரட்டப் பார்க்கும்.

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் பால்ய நண்பர் ஒருமுறை என்னையும் அங்கே ஏற்றிக்கொண்டார். எண்டர்பிரைஸ் என்ற வகைப் படகு. 1956ல் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட் வடிவமைத்தது. நீளம் சுமார் 4 மீட்டர், பாயின் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர். ஏறுபவர்கள் இரண்டே பேர். பின்னால் இருப்பவர் சுக்கானையும் பெரிய பாயின் கயிற்றையும் பிடிப்பார். முன்னால் இருப்பவருக்குச் சின்னப் பாய். ஆனால் அவருடைய முக்கிய வேலை தன் உடல் எடையைச் சரியான இடத்தில் வைப்பதுதான்.

இங்கே கொஞ்சம் கணக்கு. மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அந்தப் பாயை ஏறக்குறைய 20 கிலோ விசையுடன் தள்ளும். அது நீர்மட்டத்துக்கு மேல் 2 மீட்டர் உயரத்தில் செயல்படுவதாகக் கொண்டால், படகைச் சாய்க்கும் திருப்பம் 40. தலா 65 கிலோ எடையுள்ள இருவர் நடுவிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி விளிம்பில் உட்கார்ந்தால், எதிர்த்திருப்பம் 104. கவலையில்லை. ஆனால் காற்றின் வேகம் இரட்டித்தால் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அப்போது சாய்க்கும் திருப்பம் 160. எடை மட்டும் போதாது.

ரயில்பாதை வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்தி வைப்போம். அந்த உயரம் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்காக ஒரே தடவை கணக்கிட்டு அமைப்பது. படகிலோ நொடிக்கு நொடி வேறு கணக்கு. அதைப் போடுவது இரண்டு மனித உடல்கள்.

"கயித்தை எங்கேயும் கட்டிடாதேடா, கையிலேயே வெச்சுக்கோ. நான் 'விடு'ன்னா யோசிக்காம விடணும்" என்றார் நண்பர்.

தண்ணீரில் கருஞ்சுருக்கங்கள் எங்களை நோக்கி ஓடி வந்தன. அதுதான் காற்று வரும் அடையாளம். "சாய்!" என்றார். இருவரும் முதுகை வெளியே தள்ளினோம். அப்படியும் மறுபக்க விளிம்பு தண்ணீரைத் தொட்டது. "விடு!" கயிறு கையை உரசிக்கொண்டு ஓடியது. பாய் படபடவென்று அடித்தது, படகு நிமிர்ந்தது. எல்லாம் நான்கைந்து நொடிகள். அந்த நொடிகளில் ஒருவர் மட்டும் தாமதித்திருந்தால் இருவரும் ஏரிக்குள்தான்.

தண்ணீரில் விளையாட்டு என்று அலட்சியம் கூடாது. 1990ல் புத்தர் சிலையை ஏற்றிச் சென்ற மிதவை இதே ஏரியில் சாய்ந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சிலையை மீட்டு நிறுவியது 1992ல்தான். உயிர்காப்புச் சட்டை அணியாமல் ஏறக்கூடாது. கவிழ்ந்தால் கரைக்கு நீந்தாமல் படகையே பற்றிக்கொள்ள வேண்டும். இவை இரண்டும் மீறக்கூடாத விதிகள்.

இருவர் படகில் இந்தியாவுக்குப் பெருமை சேர்த்தவர்கள் உண்டு. 1982 ஆசிய விளையாட்டின் படகுப் போட்டிகள் நம் பம்பாயில்தான் நடந்தன. ஃபயர்பால் வகையில் ஃபரோக் தாராப்பூரும் ஜரீர் கரஞ்சியாவும் தங்கம் வென்றார்கள். சென்னையின் கணபதியும் வருண் தக்கரும் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்று, 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார்கள்.

சென்னையில் இந்த விளையாட்டுக்கு அடித்தளம் இட்டவர் எங்கள் துறைக்காரர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ரயில்வே பொறியாளராக இருந்து சென்னைத் துறைமுகத் தலைவரான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911ல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதே துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜத்துக்கு ஆதரவு அளித்தவரும் அவரே.

நம் வீட்டுப் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே போகவிடாமல் வளர்க்கிறோம். முதலில் நீச்சல் கற்றுக்கொடுப்போம். பிறகு முறையான பயிற்சியாளரிடம், ஒரு நண்பனோடு சேர்த்துப் படகில் ஏற்றுவோம். அடுத்தவன் சொல்லை நம்பிக் கயிற்றை விடவும் பிடிக்கவும் அங்கே பழகுவார்கள். கரையில் வாழ்வதற்கும் அந்தப் பழக்கம் உதவும்.