510 குதிரைத்திறன் மட்டும் போதுமா? ஸ்போர்ட்ஸ் காரின் மதிப்பில் எடைக்கு உள்ள பங்கு என்ன?

புதுதில்லி: புதிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று சந்தைக்கு வரும்போது விளம்பரங்களில் பெரிய எழுத்துகளில் இடம்பெறுவது அதன் குதிரைத்திறன். அதன் எடையோ தொழில்நுட்ப விவரப் பட்டியலின் ஓரத்தில் இடம்பெறுகிறது. ஆனால், அந்தக் கார் சாலையில் எப்படிப் பாயும், வளைவில் எப்படித் திரும்பும், எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை இவ்விரண்டும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

ஜேஎஸ்டபிள்யூ எம்ஜி மோட்டார் இந்தியா நிறுவனம் 2025 ஜூலை மாதம் அறிமுகப்படுத்திய 'சைபர்ஸ்டர்' மின்சார ஸ்போர்ட்ஸ் கார் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ரூ.74.99 லட்சம் ஷோரூம் விலையில் அறிவிக்கப்பட்ட இக்காரின் இரு மோட்டார்களும் சேர்ந்து 510 குதிரைத்திறனை வெளிப்படுத்துகின்றன. மணிக்கு 100 கி.மீ. வேகத்தை 3.2 விநாடிகளில் எட்டும் என்று நிறுவனம் தெரிவித்துள்ளது. எனினும், 77 கிலோவாட் மணி திறன் கொண்ட பேட்டரியைச் சுமப்பதால் காரின் எடை ஏறக்குறைய 2 டன்.

விகிதமே அளவுகோல்

ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன் கிடைக்கிறது என்ற விகிதமே காரின் பாய்ச்சலை மதிப்பிட உதவும் எளிய அளவுகோல். சைபர்ஸ்டரில் இது சுமார் 255. அடிப்படை போர்ஷே 718 பாக்ஸ்டர் காரின் பெட்ரோல் எஞ்சின் 300 குதிரைத்திறன் மட்டுமே கொண்டது. ஆனால், அதன் எடை சுமார் 1,335 கிலோ என்பதால் விகிதம் 225 ஆகிறது. குதிரைத்திறனில் 210 பின்தங்கிய கார், விகிதத்தில் 30 மட்டுமே பின்தங்குகிறது.

வேகத்தைக் குறைக்கும்போது எடையின் தாக்கம் இன்னும் தெளிவாகும். ஒரே வேகத்தில் செல்லும் இரு கார்களின் இயக்க ஆற்றல் அவற்றின் எடைக்கு ஏற்ப மாறும். எனவே, 2 டன் காரை நிறுத்த, 1,335 கிலோ காரை நிறுத்துவதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆற்றலை உள்வாங்கியாக வேண்டும். வளைவுகளில் டயர்கள் தாங்கும் பக்கவாட்டு விசையும் எடையுடன் கூடுகிறது. இதனால் பெரிய பிரேக்குகளும் அகலமான டயர்களும் தேவைப்படுகின்றன. பராமரிப்புச் செலவும் உயர்கிறது.

எடைக் குறைப்பு மட்டும் போதாது

எடையைக் குறைத்தே புகழ்பெற்ற கார்களும் உண்டு. பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் 1996-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'எலீஸ்' சுமார் 120 குதிரைத்திறன் மட்டுமே கொண்டது. அலுமினியச் சட்டகத்தால் அதன் எடை 800 கிலோவுக்கும் குறைவாக இருந்தது. அப்பெயரிலான கார்களின் உற்பத்தி 2021 வரை நீடித்தது.

அதே வேளையில், எடைக் குறைப்பு மட்டுமே எல்லோரையும் நிறைவு செய்வதில்லை. ஜப்பானின் டொயோட்டா 2012-இல் வெளியிட்ட '86' ஸ்போர்ட்ஸ் கார், சமநிலைக்காகப் பாராட்டப்பட்டாலும் 200 குதிரைத்திறன் போதவில்லை என்ற விமர்சனத்தைச் சந்தித்தது. 2021-இல் வந்த அடுத்த தலைமுறையில் எஞ்சின் கொள்ளளவு 2 லிட்டரிலிருந்து 2.4 லிட்டராக உயர்த்தப்பட்டது. திறன் 235 குதிரைத்திறனானது. ஆயினும், எடை 1,300 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது.

இந்தியச் சந்தை

இந்தியாவில் மின்சாரக் கார்களுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்படும் நிலையில், பெரிய பெட்ரோல் கார்களுக்கு 40 சதவீதம் விதிக்கப்படுகிறது. இந்த வரி வேறுபாடு, அதிகக் குதிரைத்திறனை ஒப்பீட்டளவில் குறைந்த விலையில் வழங்க மின்சாரக் கார்களுக்குக் கைகொடுக்கிறது. ஆனால், அந்தத் திறனுடன் பேட்டரியின் எடையும் சேர்ந்தே வருகிறது.

எனவே, ஸ்போர்ட்ஸ் கார் வாங்க விரும்புவோர் குதிரைத்திறனை எடையால் வகுத்துப் பார்ப்பதும், பிரேக், டயர் ஆகியவற்றை மாற்றும் செலவைக் கேட்டறிவதும், வளைவுகள் உள்ள சாலையில் ஓட்டிப் பார்த்த பின் முடிவெடுப்பதும் நலம்.