'பிரேக் பிடிக்கலை'ன்னு எழுதிட்டா கேஸ் முடிஞ்சுதா?

இன்னைக்கு நீலகிரி மலைப்பாதை. ஆனா இது டூர் எபிசோட் இல்லை. மலையில ஒரு வண்டி கவிழ்ந்தா மறுநாள் செய்தியில ரெண்டுல ஒரு காரணம் வரும். ஒண்ணு, 'ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்தார்'. இன்னொண்ணு, 'பிரேக் பிடிக்கவில்லை'. ரெண்டாவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள்ள இருக்கற இன்ஜினியர் முழிச்சுக்குவான். ஏன் பிடிக்கலை? பராமரிப்பு சரியில்லையா, ஓட்டின விதமா, இல்லை அந்த மாடல்லயே கோளாறா? இதுல மூணாவதைத் தேட வேண்டியது யாரு?

முதல்ல கொஞ்சம் பிசிக்ஸ். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர். ஒன்றரை டன் எடையுள்ள கார் அந்த 1,900 மீட்டர் இறங்கும்போது வெளியேத்த வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட ஏழே முக்கால் யூனிட் கரண்ட்டுக்குச் சமம். 80 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்க அது போதும். கொஞ்சத்தைக் காத்தும் டயரும் வாங்கிக்கும். மிச்சத்தை இன்ஜின் வாங்கணும், இல்லைன்னா பிரேக் வாங்கணும். குன்னூர்ல வேன் ஓட்டற ஒரு அண்ணன்கிட்ட கேட்டப்போ ஒரே வரியில முடிச்சுட்டார்: "ஏறுன கியர்லயே இறங்கு தம்பி, அவ்வளவுதான்." நியூட்ரல்ல விட்டு பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா மொத்தச் சூடும் பிரேக்குக்குத்தான் போகும். பிரேக் ஆயிலோட கொதிநிலை, டாட் 3 வகைன்னா, புதுசுல குறைஞ்சது 205 டிகிரி. ஈரம் உறிஞ்சிடுச்சுன்னா 140 வரைக்கும் இறங்கிடலாம். கொதிச்சு ஆவி உண்டாச்சுன்னா பெடல் அப்படியே தரையைத் தொடும்.

இங்கதான் சிக்கல். வண்டி ஆறினதும் ஆவி திரும்ப ஆயிலாயிடும், பெடலும் பழையபடி கெட்டியாயிடும். மோட்டார் வாகன ஆய்வாளர் அடுத்த நாள் வந்து மிதிச்சுப் பார்த்தா பிரேக் நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும். நம்ம துறையில, டெவலப்பர் மெஷின்ல வராம கஸ்டமர்கிட்ட மட்டும் வர்ற பக் இருக்கில்ல, அதே கதை. லாக் இல்லைன்னா பழி யூசர் மேலதான். இங்க யூசர்னா டிரைவர்.

அதே பள்ளத்தாக்குல மலை ரயிலும் ஓடுது. பயணிகள் ரயில்ல உயிர்ச்சேதம் நடந்தா ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிப்பார். அவர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கீழ இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழ. ரயிலை ஓட்டற அமைப்பே தன்னைத் தானே விசாரிச்சுக்கக் கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்காங்க. பக்கத்து ரோட்டுல பஸ் விழுந்தா எஃப்.ஐ.ஆர்., ஆய்வாளர் ரிப்போர்ட், டிரைவர் மேல வழக்கு.

சட்டமே இல்லையான்னா, இருக்கு. 2019 திருத்தத்துல மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 110-ஏ பிரிவு வந்தது. குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி மத்திய அரசு உத்தரவிடலாம். விசாரிக்கற அதிகாரிக்கு சிவில் கோர்ட் அதிகாரம் உண்டு. விதிகள் 2021 ஏப்ரல் 1-ல அமலாச்சு, அபராதம் ஒரு கோடி ரூபாய் வரைக்கும். ஆனா 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும்தான். எஸ்டேட் ரோட்டுல ஓடற பழைய ஜீப்பெல்லாம் அப்பவே வெளிய. இன்னொண்ணு, வருஷத்துக்கு பத்தாயிரத்துக்கு மேல விக்கற கார்னா 1,250 புகார் சேர்ந்தாதான் அந்த வழி திறக்கும். இந்த எண்ணிக்கை எனக்குச் சுத்தமா ஒப்பலை. தலைவலிக்கும் பிரேக்குக்கும் ஒரே டோக்கன் கொடுக்கற ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு.

அரசு வேகமா நகர்ந்த ஒரு சம்பவமும் இருக்கு. 2022 மார்ச் கடைசியில வேலூர்ல ஒரு வீட்டுல சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடிச்சு, புகையில அப்பாவும் மகளும் இறந்தாங்க. அதே வாரம் புனேல நடுரோட்டுல இன்னொரு ஸ்கூட்டர் எரியற வீடியோ நாடு முழுக்கப் பரவுச்சு. டி.ஆர்.டி.ஓ.வோட தீ, வெடிபொருள் பாதுகாப்பு மையத்தை விசாரிக்கச் சொன்னாங்க, நிபுணர் குழுவும் போட்டாங்க. ஏப்ரல்ல ஒகினாவா 3,215 ஸ்கூட்டரையும் ஓலா 1,441 ஸ்கூட்டரையும் தாங்களாவே திரும்ப வாங்கறதா அறிவிச்சாங்க. தானா முன்வந்தா அபராதம் இல்லைன்னு சட்டத்துலயே இருக்கு. டிசம்பர்லேர்ந்து பேட்டரி செல், பி.எம்.எஸ்., சார்ஜர், ஒரு செல்லோட தீ அடுத்ததுக்குப் பரவுறது எல்லாத்துக்கும் கடுமையான சோதனை விதிகள் படிப்படியா வந்துச்சு. எரிஞ்ச ஸ்கூட்டர் கண்ணுக்குத் தெரியற சாட்சி. கொதிச்சு ஆறின பிரேக் ஆயில் அப்படி இல்லை.

அமெரிக்காவுல ஜி.எம். கார்கள்ல சாவி சுவிட்ச் ஓடும்போதே நழுவி இன்ஜின் நிக்கும், ஏர்பேக்கும் விரியாது. அரசு நிறுவனத்துல ஒரு அதிகாரி 2007-லயே விசாரிக்கலாம்னு சொன்னார். 'போக்கு எதுவும் தெரியலை'ன்னு விட்டுட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் நிறுவனம் சத்தமில்லாம சுவிட்சை மாத்தியிருந்துச்சு, பார்ட் நம்பரை மாத்தாம! வெர்ஷன் நம்பர் ஏத்தாம பேட்ச் தள்ளின மாதிரி. பழைய பாகம் எது, புதுசு எதுன்னு பிரிக்க முடியாம விசாரணை குழம்புச்சு. 2014-ல 26 லட்சம் கார்களைத் திரும்பக் கூப்பிட்டாங்க. இழப்பீட்டு நிதி ஒத்துக்கிட்ட மரணங்கள் 124.

நம்மகிட்ட போக்கைப் பார்க்க வழி இல்லாம இல்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸ் உருவாக்கின ஐராட் விபத்துத் தரவுத்தளத்துல போலீஸும் போக்குவரத்துத் துறையும் பதிவு பண்றாங்க. பரீட்சார்த்தமா தொடங்கின மாநிலங்கள்ல தமிழ்நாடும் ஒண்ணு. 110-ஏ பிரிவுல ஓனர் புகார் மட்டும் இல்லை, சோதனை நிறுவனமோ 'வேறு எந்த வழியிலோ' வர்ற தகவலும் போதும்னு இருக்கு. மலை மாவட்டங்கள்ல 'பிரேக் பிடிக்கலை'ன்னு பதிவானதை எடுத்து, மாடல் வாரியா ஒரு குரூப் பை போட்டா அதுவே 'வேறு வழி'தான். ஒரு மாடல் மட்டும் துருத்திட்டு நின்னா 1,250 பேருக்குக் காத்திருக்க வேண்டாம். எதுவும் நிக்கலைன்னா டிரைவிங்கையும் பராமரிப்பையும் சொல்றது நியாயம்.

நீங்க வண்டி வச்சிருந்தா ஒரு சின்ன வேலை. இறக்கத்துல பெடல் மெத்துன்னு போச்சுன்னா ஓரமா நிறுத்தி, ஆறினப்புறம் எழுதி வைங்க: எங்க, எந்த கியர், எவ்வளவு நேரமா இறங்கினீங்க, பிரேக் ஆயில் கடைசியா எப்போ மாத்தினது. சர்வீஸ் விடும்போது அந்த வரிகள் ஜாப் கார்டுல அப்படியே ஏறணும். 'ஜெனரல் செக்கப்'னு எழுதினா கையெழுத்துப் போடாதீங்க, திருத்தச் சொல்லி ஒரு காப்பி கேட்டு வாங்கிக்குங்க.